செவுள் பார்த்தல்

இடது கைதான் வேண்டும் என்றார் டாக்டர்.
மணிக்கட்டில் இரண்டு நாடியையும் அமுக்கிப் பிடித்து
வெளுத்த உள்ளங்கையில் ஒன்றை மட்டும் விட்டு
சிவப்பு திரும்புகிறதா என்று எண்ணினார்.
ஆறில் திரும்பியது.
"இந்தத் தோலை ரத்தக்குழாயோடு எடுத்து
பாதி நாக்கு செய்துவிடலாம்."

அந்த இடத்தில்தான் அவள் இருந்தாள்.
பிலோமினா.
பத்தொன்பது வயதில் ராயபுரம் தேர் அன்று
நீ பச்சை குத்திக்கொண்ட நாலு எழுத்து.
இருபத்திரண்டு வருஷம் அதன்மேல் வாட்ச் கட்டினாய்.
நானும் மணி கேட்கிற சாக்கில்
பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

"மை கீதே சார், பரவாயில்லையா?"
"நாக்குக்குப் படிக்கத் தெரியாதும்மா."
சிரித்தது நான் மட்டும்.
உனக்கு அப்போதே இரண்டு விரல் அளவுக்கு மேல்
வாய் திறக்கவில்லை.

பதினோரு மணி நேரம்.
சென்ட்ரல் எதிரே, ஆறாவது மாடி வராந்தாவில்
மீன் கூடையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன்.
பக்கத்தில் படுத்திருந்த ஆரணிக்காரி
நாற்றம் என்று சொல்லாமல்
தலையணையை மட்டும் திருப்பிப் போட்டாள்.

தொண்டையில் ஓட்டை, மூக்கில் குழாய்,
கையில் தொடைத்தோல் ஒட்டிய கட்டு.
மணிக்கு ஒருமுறை நர்ஸ் பிரிஸில்லா வந்து
பேனா மாதிரி ஒன்றை வாய்க்குள் வைப்பாள்.
சவக் சவக் சவக்.
கரை திரும்பும் போட் என்ஜின்.
"இந்தச் சத்தம் நிக்கக் கூடாது அக்கா.
நீலமானாலும் தியேட்டர், வெளுத்தாலும் தியேட்டர்."

எனக்கா சொல்லித்தருகிறாள்!
ஐஸுக்குள் ஒளித்துவைத்த நேற்றைய சங்கராவை
மூன்றடி தள்ளி நின்றே சொல்லிவிடுவேன்.

டார்ச் அடித்தாள். எட்டிப் பார்த்தேன்.
யாரோ விட்டுப்போன பொருள்போல்
தடித்துக் கிடந்தது உன் புது நாக்கு.
தையலுக்கு நடுவில், தலைகீழாக, பச்சையாக:
மினா.
பிலோ கையிலேயே நின்றுவிட்டாள்.
ஊசியால் குத்தினாள் நர்ஸ்.
சொட்டு, செக்கச்செவேலென்று.
"இன்னிக்குப் புடிச்சது," என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.

வீட்டில் கண்ணாடி முன் உட்காரவைத்து
பாப்பா சொல்லு, மாமா சொல்லு என்கிறது
பேச்சுப் பயிற்சித் தாள்.
காசிமேட்டில் அலையை அடக்கி
வஞ்சிரம் எழுநூறு எழுநூற்றம்பது என்று
ஏலம் விட்ட வாய்,
பாப்பா.
மாமா.

உதட்டில் பிறக்கும் சொல்லெல்லாம் திரும்பி வந்தது.
எழுநூறு வரவில்லை.
விரலைத் தூக்கிக் காட்டினாய்.
விரலுக்கு ஐநூறு தெரியும்
ஐநூற்று இருபத்தைந்து தெரியாது.
அதனால் இப்போது கூவுகிறவள் நான்.
தகரக் குரல்தான், விலை படிகிறது.
நீ பக்கத்தில் நின்று கண்ணைச் சிமிட்டினால்
"கஜபதி அண்ணன் முடிச்சிட்டாரு" என்று
பெட்டியைத் தூக்கிக்கொள்கிறார்கள்.

எல்லம்மா என்ற என் பெயரில்
லகரம் இரண்டும் போய்
எம்மா என்கிறாய்.
கல்யாணமான நாளிலிருந்து
ஏய், இந்தா, இவளே.
இருக்கட்டும்.

நெத்திலிக் குழம்பு ஊற்றினால்
சொந்த நாக்குப் பக்கம் எரிகிறது, கண்ணில் நீர்.
மறுபக்கம் இன்னும் கைதான்,
உப்பு தெரியாது.
கரண்ட் வைத்தும் சாகாத இரண்டு முடி
அதில் முளைக்கிறது.
முள் எடுக்கிற இடுக்கியால் பிடுங்குகிறேன்.
நீ கூசுவதில்லை.

ராத்திரி செல்போன் லைட் அடித்துப் பார்க்க வேண்டும்,
புண் இருக்கிறதா, வெள்ளை படர்கிறதா.
மை மங்கி வருகிறது. மி பாதி அழிந்துவிட்டது.
அழிந்து தொலையட்டும் என்று
எத்தனை ஆடி வெள்ளி வேண்டியிருக்கிறேன்.
இப்போது அந்தக் கோடு தெரியாவிட்டால்
கை நடுங்குகிறது,
லைட்டை நகர்த்தி நகர்த்தித் தேடுகிறேன்.

வாய் திறந்தபடி
கண்ணால் கேட்கிறாய்.

"கீறா. செவப்பாத்தான் கீறா.
மூடு வாயை, கொசு பூந்துடப் போவுது."